கௌவியும் கெளவியும்

எங்கள் ஊரின் பெயரை என் மேக்ரோ முதன்முதலாக எழுதிக் காட்டியபோது அது "பீா்க்கன்கரைண" என்று இருந்தது. திரையை எட்டிப் பார்த்த மனைவி, "இது எந்தத் தேசத்து ஊர்?" என்று கேட்டாள். பீர்க்கன்கரணை என்ற பெயரைச் சொல்ல மனிதர்களே திணறுவார்கள். கூரியர் கொண்டுவரும் பையன் 'பீர்க்கங்கரை' என்பான். வங்கியில் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் இரும்புலியூர், பிறகு ஏரியை ஒட்டி எங்கள் ஊர், அடுத்தாற்போல் பெருங்களத்தூர். 2021 வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. அதன்பின் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. ஊரின் எல்லை அழிந்தாலும் பெயராவது பிழையில்லாமல் இருக்கட்டுமே என்ற ஆசை எனக்கு உண்டு. அதனால் மேக்ரோ ஏன் இப்படி உளறியது என்று பார்க்க உட்கார்ந்தேன். அந்த வேலை ஒரு கிழவியிடம் கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

மேக்ரோ எழுத நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி என்று நான் அழைத்தவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் பன்னிரண்டு வருடம் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, பிறகு முடிச்சூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். கதைகள் எழுதுவார். எண்ணிக்கையில் பதினொன்று. அவற்றில் இரண்டு மட்டும் சிற்றிதழ்களில் வந்தன. கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி அவர் மேசையில் எப்போதும் கிடக்கும். அதில் இல்லாத சொல் ஏதேனும் நினைவுக்கு வந்தால் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். "நைனா விட்டதை நாமதான் பொறுக்கணும்" என்று சிரிப்பார். தாம்பரம் கடற்கரை ரயிலில் முப்பது வருடம் போய் வந்த மனிதரின் பேச்சில் சென்னைத் தமிழ் ஏறவே இல்லை. அவருடைய கதைமாந்தர்களும் கரிசலை விட்டு ஓர் அடி நகரவில்லை.

2001இல் புத்தகம் போடும் ஆசை வந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினார். கடையில் வேலை பார்த்த பெண், முன்பு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் உயர்நிலைத் தேர்வு எழுதியவர். வேகமாக அடிப்பார், பிழையும் குறைவு. பேஜ்மேக்கரில் பக்கங்கள் தயாராயின. பிறகு மகளின் திருமணம் வந்தது. அச்சகத்துக்கு வைத்திருந்த பணம் மண்டபத்துக்குப் போயிற்று. கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் ஏறிப் பரணுக்குப் போயின. கையெழுத்துப் பிரதிகள் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டிக்குப் போயின.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரில் தரைத்தளங்கள் மூழ்கின. அண்ணாச்சியையும் மதினியையும் படகில் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் தகரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கூழ். பரணில் கல்யாண ஆல்பத்தோடு கிடந்த குறுந்தகடு மட்டும் தப்பியது. அண்ணாச்சி அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. 2019இல் இறந்துபோனார்.

சென்ற ஆண்டு அவர் மகள் அந்தத் தகட்டோடு வந்தாள். "சித்தப்பா, இதை எப்படியாவது எடுத்துக் குடுங்க. அம்மா இருக்கும்போதே புத்தகமா போட்டுரணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லாததால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்று மூலையில் இருந்தது. அதில் பேஜ்மேக்கரும் இருந்தது. தகடு திறந்தது. எழுத்துரு இல்லை என்று எச்சரித்துவிட்டுக் கோப்பும் திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். அந்தக் குப்பைக்குள் ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. தொண்ணூறுகளில் டி.டி.பி. கடைப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு அந்த ஐந்தும் பழகிய முகங்கள். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை வரிசையில் அவை த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதாவது 'தமிழ்'. பாமினி முதலான எழுத்துருக்கள் எல்லாம் இந்த அடிப்படையில் ஆனவை. கணினியைப் பொறுத்தவரை அது கடைசிவரை ஆங்கிலமே. தமிழாகத் தெரிவது எழுத்துரு போட்டுவிடும் வேடம். வேடத்தைக் கழற்றினால் உள்ளே ஜேயும் கேயும்தான்.

இந்த வேடங்கள் அன்று எத்தனை என்று எண்ணி மாளாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீடு, சில சமயம் ஒவ்வொரு கடைக்கும் ஒன்று. இணையத்தில் இருந்தவர்கள் கூடிப் பேசித் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக டாம், டாப் என்ற இரண்டு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், மயிலை எழுத்துருவில் ஆரம்பித்து, திஸ்கிக்கு மாறி, அதன்பின் யூனிகோடுக்கு வந்தது. ஒரே இலக்கியத்தை இரண்டு முறை குடிபெயர்த்த அந்தத் தன்னார்வலர்களின் பொறுமையை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. கூடவே டேஸ்16 என்ற பதினாறு பிட் குறியீட்டையும். சுரதாவின் பொங்குதமிழ், பிறகு வந்த என்.எச்.எம். மாற்றி போன்றவை இல்லாவிட்டால் அந்தக் காலத்து எழுத்தில் பெரும்பகுதி இன்று வாசிக்கக் கிடைக்காது.

அண்ணாச்சியின் கோப்பு இவற்றில் எதற்கும் முழுதாக மசியவில்லை. கடைக்காரர் தம் வசதிக்காகச் சில விசைகளை இடம் மாற்றி வைத்திருந்தார். முக்கால்வாசி தமிழாகவும் கால்வாசி கிறுக்கலாகவும் வந்தது. சிற்றிதழில் அச்சான இரண்டு கதைகள் என்னிடம் இருந்தன. அச்சையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குறியாகக் கண்டுபிடித்து ஓர் அட்டவணை தயாரித்தேன். பிறகுதான் மேக்ரோ.

கிளிப்போர்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நகலெடுக்கச் சொன்னதும் கணினி அந்த வரிகளைக் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. வழிப்போக்கர் திண்ணையைப் போல, எந்த மென்பொருளிலிருந்து வந்தவரும் அங்கே உட்காரலாம், எந்த மென்பொருளும் வந்து அழைத்துப் போகலாம். அடுத்தவர் வந்ததும் முன்னவர் எழுந்து போய்விட வேண்டும். ஒரு விநோதம், வருகிறவர் ஒரே உடையில் வருவதில்லை. எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் பூண்ட அலங்கார வடிவம் ஒன்று, வெறும் எழுத்தாக ஒன்று என ஒரே பத்தி பல வடிவங்களில் அங்கே ஒரே சமயத்தில் இருக்கும். கேட்பவர் எதைக் கேட்கிறாரோ அது கிடைக்கும். சாதாரணமாக ஒட்டினால் வேர்டு அலங்காரத்தோடு எடுத்துக்கொள்கிறது. எனக்கு அலங்காரம் வேண்டாம், அடியில் இருக்கும் ஜேயும் கேயும் மட்டும் வேண்டும்.

வேர்டின் விஷுவல் பேசிக்கில் அதற்கு வழி இருக்கிறது. ஃபார்ம்ஸ் 2.0 என்ற நூலகத்தில் டேட்டாஆப்ஜெக்ட் என்று ஒரு பொருள் உண்டு. அந்த நூலகத்தை இணைக்க எளிய வழி, ஒரு வெற்றுப் படிவத்தைச் செருகுவது. அது தானே வந்து சேர்ந்துவிடும். பிறகு அந்தப் பொருளிடம் கிளிப்போர்டிலிருந்து எடுத்துக்கொள் என்று ஒரு வரி, எழுத்தை மட்டும் கொடு என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். திண்ணையில் எழுத்துக்குப் பதில் படம் உட்கார்ந்திருந்தால் பிழை காட்டி நின்றுவிடும் என்பதால் முதலில் எழுத்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த நாலைந்து வரியை எழுதி, பேஜ்மேக்கரில் ஒரு பத்தியை நகலெடுத்து, மேக்ரோவை ஓட்டியதும் ஒரு சிறு பெட்டியில் ஜேயும் கேயும் வந்து நின்றன. அண்ணாச்சியைக் கையில் பிடித்துவிட்டாற்போல் இருந்தது.

மாற்றும் பகுதியை எழுதத் தொடங்கியதும் முதல் அவமானம். ஜேயை 'த' ஆக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் 'த' என்று தட்டினால் கேள்விக்குறி விழுகிறது. தமிழ் ழகரமானாலும் ணகரமானாலும் கேள்விக்குறி ஒன்றே. விண்டோஸில் மேற்கத்திய மொழிகளுக்கும், ரஷ்ய மொழிக்கும், அரபிக்கும், தாய் மொழிக்கும் பழைய குறியீட்டுப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை, நாம் நேரே யூனிகோடுக்குள் நுழைந்தவர்கள். மேக்ரோ எழுதும் சாளரமோ பழைய பக்கங்களை நம்பிக் கட்டப்பட்டது. எனவே தமிழ் எழுத்துகளை எண்களாகச் சொல்ல வேண்டும். த என்பது 2980. ம 2990. இகரக் கொக்கி 3007. ழ 2996. புள்ளி 3021. இரண்டு வாரத்தில் இந்த எண்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. அதிகாலையில் விழிப்பு வந்தால் 2965 என்று மனம் ககரத்தை உச்சரித்தது.

முதல் ஓட்டத்தில் வந்ததுதான் 'பீா்க்கன்கரைண'. புத்தகத்துக்கு அண்ணாச்சி எழுதிய இரண்டு பக்க முன்னுரையின் அடியில் ஊர்ப் பெயரும் 2001 சித்திரை முதல் நாளும் இருந்தன. ஊர்ப் பெயரில் இரண்டு கோளாறுகள். பின்னதை முதலில் சொல்கிறேன். தட்டச்சில் ஐகாரக் கொம்பை முதலில் அடித்து, பிறகு ணகரத்தை அடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் ணகரம் முதலில், கொம்பு பிறகு. வாய் உச்சரிக்கும் வரிசை. மாற்றாமல் விட்டால் கொம்பு முன்னால் நிற்கும் ரகரத்தின் தலையில் ஏறி 'கரைண' ஆகிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இதே கதை. ஒகர ஓகாரங்களில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக எழுத்தைச் சுற்றி வளைத்திருப்பதால் இன்னும் சிக்கல். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை என்பதற்கு யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்தது. பழைய பலகைகளில் எங்கள் ஊர் அந்தத் துதிக்கையோடு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு.) விதிகளை எழுதும் வரிசையும் முக்கியம். நீளமானதை முதலில் மாற்ற வேண்டும். 'கெ'யை முந்திக்கொண்டு மாற்றிவிட்டால் 'கொ' கிடைக்காது.

முன்னதான கோளாறு இன்னும் நுட்பமானது. அச்சில் ரகரத்தின் மீது புள்ளியோ கொக்கியோ வந்தால் அடியில் இருக்கும் சாய்கோட்டை விட்டுவிடுவது பழைய வழக்கம். அப்போது ர் என்பதும் புள்ளி வைத்த துணைக்காலும் கண்ணுக்கு ஒன்றே. தட்டச்சர்கள் துணைக்காலை அடித்துப் புள்ளி வைத்துவிடுவார்கள், அது அழகாகவும் இருந்தது. தாளில் தவறில்லை. யூனிகோடில் பெரும் தவறு. 'சேர்ந்து' என்பது 'சோ்ந்து' ஆகிறது. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஓகாரம் ஆகிவிடுவதால். இன்றைக்கும் இணையத்தில் செய்திகள் வாசிப்பவர்கள் இந்தச் 'சோ்ந்து'களைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். கண் அதைக் கடந்து போய்விடும், தேடுபொறி கடக்காது. 'சேர்ந்து' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் இல்லவே இல்லை. கண்ணெதிரே இருக்கும் சொல் தேடினால் கிடைக்காமல் போவது எனக்கு ஒரு பேய்க்கதைபோலத் தோன்றும். புள்ளியோ இகரமோ ஏறிய துணைக்காலை எல்லாவற்றுக்கும் முன்னால் ரகரமாக்கிவிடு என்று விதி எழுதினேன். ஊர்ப் பெயர் சரியாகிவிட்டது.

அந்தக் காலத்துத் தட்டச்சர்களுக்கு நினைவிருக்கும் இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்கிறேன். இதே எழுத்துருவில் வேர்டிலேயே நேரடியாக அடித்தால், முற்றுப்புள்ளிக்குப் பின் வரும் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி தமிழிலும் கைவைக்கும். சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். 'அவன்' ஒவ்வொரு வாக்கியத் தொடக்கத்திலும் 'ஆவன்' ஆகிவிடுவான். நல்லவேளை, அண்ணாச்சியின் கதைகள் பேஜ்மேக்கரிலேயே அடிக்கப்பட்டவை.

இனி ஔகாரம். தட்டச்சில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. ஒற்றைக்கொம்பு, எழுத்து, பிறகு ளகரம். 'மௌனம்' என்று எழுத 'மெள' அடித்து முடிப்பார்கள். அப்படியென்றால் கொம்பும் எழுத்தும் ளகரமும் வரிசையாக வந்தால் அது ஔகாரமா, எகரமும் ளகரமுமா? யோசித்தேன். 'வெள்ளம்' என்றால் ளகரத்தின் மேல் புள்ளி இருக்கும். 'தெளிவு' என்றால் கொக்கி இருக்கும். ஒன்றும் ஏறாத வெற்று ளகரம் வந்தால் அது ஔகாரம்: பௌர்ணமி, கௌரவம், வௌவால், யௌவனம், சௌகரியம். பொய்க்கும் உதாரணம் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. விதியை எழுதிவிட்டு என் மொழியறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினொரு கதைகளையும் அன்றிரவே மாற்றினேன். நகலெடு, மேக்ரோவை ஓட்டு, அடுத்த பத்தி. திண்ணையில் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்கார, விடியும் முன் நூற்று நாற்பது பக்கங்கள் வேர்டில் வந்துவிட்டன. அண்ணாச்சி மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள்.

மறுநாள் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி மருமகனை 'வௌக்குமாற்றால்' அடிக்கப் போகிறாள். சிரித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் 'வௌக்கு' ஏற்றினார்கள். 'சீக்கிரம் கௌம்பு' என்றான் ஒருவன். கம்பு 'வௌஞ்சு' நின்றது. 'மௌகு' அரைத்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கை வெளக்கு என்றும், கிளம்பு என்பதைக் கெளம்பு என்றும், மிளகை மெளகு என்றும் சொல்கிற வாய்களை என் விதி அறிந்திருக்கவில்லை. இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் தமிழைக் கொண்டு விதியை உரசிப் பார்த்தேன், அது தேறியது. அண்ணாச்சி அந்தத் தமிழில் எழுதியவரே அல்லர். வாழ்நாள் முழுக்கத் 'திருத்தப்படாமல்' காப்பாற்றி வைத்த பேச்சை நான் ஒரே இரவில் திருத்திவிட்டேன். அதுவும் எங்கெங்கே என்று தெரியாத வகையில், ஏனென்றால் உண்மையான வௌவால்களும் மௌனங்களும் அவற்றோடு கலந்து கிடந்தன. இதை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்துப் பிரதியும் இல்லை.

அகராதியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வௌக்கு என்ற சொல் தமிழில் இல்லை, ஆகவே வெளக்கு. மௌனம் இருக்கிறது, ஆகவே மௌனம். இப்படிப் பெரும்பாலானவை பிரிந்துவிட்டன. ஒன்பதாவது கதையில் அதுவும் கைவிட்டது.

அந்தக் கதையில் ஒரு கிழவியும் ஒரு நாயும். தெற்கே ழகரம் பல வாய்களில் ளகரமாகவே வருவதால் ஊரில் எல்லோருக்கும் அவள் கெளவி. அண்ணாச்சியும் அதையே அவள் பெயராக்கி, கதை சொல்லும் செந்தமிழ் வரிகளிலும் கெளவி என்றே எழுதியிருந்தார். நாயோ, அவளுடைய சுருக்குப்பையைக் கௌவிக்கொண்டு ஓடுகிறது. வாயால் பற்றுவதற்குக் கௌவுதல் என்று நல்ல தமிழில் சொல் இருக்கிறது. தட்டச்சுச் செய்த பெண் இரண்டையும் ஒரே மாதிரிதான் அடித்திருக்க முடியும். இயந்திரத்தில் வேறு விசை இல்லை. இரண்டும் சரியான சொற்கள். அகராதிக்கு ஒன்று தெரியும், ஊருக்கு இன்னொன்று தெரியும், கிளிப்போர்டில் இருக்கும் குறிகளுக்கு இரண்டுமே தெரியாது.

மேக்ரோவை மாற்றி எழுதினேன். ஐயமுள்ள இடம் வந்தால் தானாக முடிவு செய்யாமல், அந்த வாக்கியத்தை முழுதாகக் காட்டி, ளகரமா ஔகாரமா என்று கேட்க வேண்டும். 183 இடங்கள் வந்தன. நான் ஒருவனே பதில் சொல்லத் துணியவில்லை. அண்ணாச்சி மகளை வரச் சொன்னேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். அவள் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள், பேசுவது இந்தப் பக்கத்துத் தமிழ். ஆனால் திரையில் வரும் வாக்கியத்தை வாய்விட்டு வாசிக்கும்போது அவள் குரல் மெல்ல மாறியது. முதல் சில வரிகளில் தயங்கினாள். பிறகு தகப்பனார் சொல்வதுபோலவே இழுத்து, நிறுத்தி வாசித்தாள். "இங்க கெளம்புதான் சித்தப்பா. அப்பா கோவத்துல 'கெளம்புவே'ன்னுதான் சொல்வாங்க" என்பாள். நான் விசையைத் தட்டுவேன். அடுப்படியில் வேலையாயிருந்த என் மனைவி ஒருமுறை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி குரல் கேட்டதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

கெளவியும் கௌவியும் வந்த இடங்களில்கூட வாக்கியமே காட்டிக் கொடுத்துவிட்டது. கெளவி வந்தாள் என்றால் கிழவி. பையைக் கௌவியது என்றால் நாய். ஒரே ஒரு வாக்கியத்தில் இருவரும் நின்றுவிட்டோம். கதை சொல்லும் சிறுவன் கிழவி வீட்டுக்குப் போய்விட்டு வந்ததற்கு மறுநாள் வரும் வரி அது. வாயில், பிறகு ஐயத்துக்குரிய அந்தச் சொல், பிறகு 'வைத்த வெற்றிலையின் காரம் காலையிலும் அடங்கவில்லை' என்று முடிகிறது. வாயில் கௌவி வைத்த வெற்றிலை என்றால் சிறுவன் திருட்டுத்தனமாக வெற்றிலை போட்டுக்கொண்டான் என்று ஆகும். வாயில் கெளவி வைத்த வெற்றிலை என்றால் கிழவி ஊட்டிவிட்டாள் என்று ஆகும். கதையின் போக்கே மாறுகிறது. பிற்பாடு கிழவி செத்துப்போகும்போது சிறுவன் ஏன் அப்படி அழுகிறான் என்பது இந்த வரியில் இருக்கிறது. முன்னும் பின்னும் மூன்று பக்கம் படித்தோம். அண்ணாச்சி வேறெங்கும் துப்பு வைக்கவில்லை. இது சிற்றிதழில் வந்த இரண்டில் ஒன்றும் அல்ல.

"உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டேன். "ரெண்டுமே அப்பா எழுதக்கூடியதுதான்" என்றாள்.

நமக்கு எது பிடிக்கிறதோ அதைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு ஊட்டிவிடுவதுதான் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதனாலேயே கை விசைக்குப் போகவில்லை. ஒரு முறை இப்படி நிச்சயமாகத் தெரியும் என்று எழுதிய விதி செய்த காரியத்தைப் பார்த்தாகிவிட்டது.

அவள் மதினியைத் தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். நான் வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது ஒரு விதமாக உச்சரித்துத்தானே ஆக வேண்டும். "மதினி, ஒம்பதாவது கதையில வர்ற கெழவி யாரு?" என்று மட்டும் கேட்டேன். நல்ல தமிழ் பேசுகிறேன் என்று நினைத்தேனோ என்னவோ, ழகரத்தை அழுத்தியே கேட்டேன்.

"எந்தக் கதை? நாய் வருமே, அதா? அது எங்க மாமனாரோட ஆத்தாள்ல."

"அவுக வெத்தலை போடுவாகளா?"

"போடாம? ஆனா அந்தக் கெளவிக்குப் பல்லு ஏது தம்பி? குட்டி உரல்ல போட்டு நொங்கு நொங்குன்னு இடிச்சுத்தான் திங்கும். பேரம்பேத்தி எது கிட்டப் போனாலும் அதுல ஒரு விரல் எடுத்து வாயில அப்பி விட்டுரும். உங்க அண்ணாச்சி சாகிறமுட்டும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாக."

மகள் குறுக்கிட்டாள். "ஏம்மா, அப்பா தானாவே வெத்தலையை வாயில கவ்விக்கிட்டு ஓடியாந்திருக்கலாம்ல?"

"கூறுகெட்டவளே, இடிச்ச வெத்தலையை எங்கிட்டுக் கவ்வுறது?"

நான் ளகரத்தைத் தட்டினேன். மேக்ரோ அடுத்த வாக்கியத்தைக் காட்டியது. அதில் ஒரு வௌவால் இருந்தது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.